கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல்

ஜப்பானிய மொழி படித்தால் ஜப்பானுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் மாம்பலத்து மாடி வீட்டில் பிள்ளைகளை டியூஷனுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த மொழி என்னைக் கொண்டுபோய் இறக்கியதோ கத்தாரில். ராஸ் லஃபானில் எரிவாயு ஆலை கட்டிக்கொண்டிருந்த ஒரு ஜப்பானிய நிறுவனம், அதன் ஊழியர்கள் குடியிருக்கும் அல்கோரில் பழைய போர்க்கவசங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்த ஆசைப்பட்டது. கவசங்களோடு வரும் நிபுணருக்கு ஆங்கிலம் வராது. மேடை கட்டித் தரும் தச்சர்களுக்குத் தமிழும் கொஞ்சம் இந்தியும்தான் வரும். நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும். "ரெண்டு வார வேலை மேடம், பேசறது மட்டும்தான்" என்றார்கள். பேசுவதில் என்ன கஷ்டம் என்று நானும் கிளம்பிவிட்டேன்.

பாலைவனம் என்றால் வெயில் என்றுதான் நினைத்திருந்தேன். நான் போய் இறங்கிய டிசம்பர் விடியலில் தோஹாவுக்கு வெளியே ஒரே மூடுபனி. வண்டியின் முன்கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத் துணி கட்டியது மாதிரி இருந்தது. ஓட்டி வந்தவர் தவம் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ அக்கா. ரோட்டு எங்கயும் ஓடாது, நேராத்தான் கிடக்கு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, நடுச்சாலையில் ஓர் ஒட்டகம். பிரேக் போட்ட வேகத்தில் என் கைப்பை முன்னால் போய் விழுந்தது. அந்த ஒட்டகம் கழுத்தை இறக்கி, கண்ணாடி வழியாக எங்கள் இரண்டு பேரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, அதன்பாட்டுக்குப் பனிக்குள் போய்விட்டது.

என்ன கண்காட்சி என்று கேட்டார். ஜப்பானில் முன்னொரு காலத்தில் நூறு வருஷத்துக்கு மேல் உள்நாட்டுச் சண்டை நடந்தது, ஒவ்வொரு பிரபுவும் பக்கத்துப் பிரபுவோடு, தம்பி அண்ணனோடு, வேலைக்காரன் எஜமானோடு வெட்டிக்கொண்டு கிடந்தார்கள், அந்தக் காலத்துக் கவசங்கள் வருகின்றன என்றேன்.

"நூறு வருசமோ?" என்று கேட்டுவிட்டு வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். "எங்கட ஆக்கள் இருபது வருசத்திலயே களைச்சுப் போச்சினம்."

"இப்ப சமாதானம்னு பேப்பர்ல போடறாங்களே?"

"ஓம். வீட்டிலயும் அப்பிடித்தான் சொல்லினம். ஆனா ஃபோனில நல்லது மட்டும்தான் அக்கா வரும். என்ர அப்பா செத்தது, லீவில போய் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டேக்கைதான் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் எப்ப எடுத்தாலும் 'அப்பா குளிக்கிறார்' எண்டு அம்மா சொல்லுவா. எட்டு மாசமா மனுசன் குளிச்சுக்கொண்டே இருந்தார்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தூரத்தில் வடக்குப் பக்கம் பனியெல்லாம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. சூரியன் அந்தப் பக்கமா என்று கேட்டேன். "அது ராஸ் லஃபான். வாயு எரியிறது. இரவு பகல் எண்டு இல்லை, எந்நேரமும் எரியும்" என்றார்.

அல்கோர் குடியிருப்பில் என்னைக் கோபப்படுத்திய முதல் விஷயம் புல்தரை. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும் சத்தம் கேட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து ஓடி இறங்குகிறவள் நான். இங்கே காலையும் மாலையும் குழாய்கள் தாமாகத் தலையைத் தூக்கி, யாரும் நடக்காத புல்லுக்குத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. ஊருக்குப் போய் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

நிபுணர் பெயர் மிசுனோ. ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான பெண்மணி, எப்போதும் வெள்ளைக் கையுறை. தச்சர் கூட்டத்துக்கு மேஸ்திரி சந்தானம், அறந்தாங்கிக்காரர். அவருக்கு வலது கை காசி. முதுகுளத்தூர்ப் பக்கம், குள்ளமான, ஒடிசலான ஆள், முப்பது வயதிருக்கலாம். வாய் மூடாது. கீச்சுக்குரலில் கடகடவென்று பேசிக்கொண்டே இருப்பான். முதல் நாளே என்னை 'டீச்சர்' ஆக்கிவிட்டான்.

முதல் நாளே ஒரு தகராறும் வந்தது. கவசங்கள் வந்து சேர்ந்துவிட்டன, அவற்றை மாட்டி நிறுத்துகிற மரச் சட்டங்கள் வந்த பெட்டி மஸ்கட்டில் இறங்கிவிட்டது. போன் மேல் போன் போட்டும் பெட்டி நகரவில்லை. கடைசியில் மிசுனோ பெருமூச்சு விட்டு, "இங்கேயே புதிதாகச் செய்வோம்" என்றார். அதை மொழிபெயர்த்ததும் சந்தானம், "அதுக்குத்தான டீச்சரம்மா நாங்க இருக்கோம்" என்று பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

கவசப் பெட்டியைத் திறந்தபோது கற்பூரமும் பழைய இரும்பும் கலந்த வாடை வந்தது. அரக்குப் பூசிய சின்னச் சின்னத் தகடுகள், பட்டுக் கயிற்றால் வரிசை வரிசையாகப் பின்னியவை. தலைக்கவசம் தனியாக இருந்தது. அதோடு முகத்தின் கீழ்ப்பாதியை மூடும் ஓர் இரும்பு முகமூடி, மூக்கும் வாயும் வைத்து, நிஜ முடியில் நரைத்த மீசை நட்டது. பெட்டிக்குள் மல்லாந்து கிடந்த அந்த முகமூடியைப் பார்த்ததும் நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டேன். மிசுனோ அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொட்டார். காசியும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

அசலுக்கு அச்சாக ஒரு நகலும் வந்திருந்தது. பார்வையாளர்கள் போட்டுப் பார்ப்பதற்காக இந்தக் காலத்தில் செய்தது. அசலை மனிதர் மேல் மாட்டக் கூடாது, நகலை மாட்டி அளவெடுக்கலாம், அந்த உயரத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார் மிசுனோ. அந்தக் காலத்து ஜப்பானியர்கள் குள்ளமாம். எல்லோரும் ஒரே நேரத்தில் காசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் மலையாளி கடையிலிருந்து மீன்குழம்பும் குப்பூஸ் ரொட்டியும் வந்தன. நான் குப்பூஸைப் பிய்க்கத் தெரியாமல் பிய்த்துக்கொண்டிருக்க, மிசுனோ இந்த அசல் கவசத்தின் கதையைச் சொன்னார். தோள் கயிறுகளில் இரண்டு விதத் தேய்மானம் இருக்கிறதாம். முதலில் ஒரு பெரிய ஆள் போட்டிருக்கிறார். பிறகு கயிறுகளைக் குறுக்கிக் கட்டி, அவரைவிடச் சின்ன ஆள் ஒருவர் போட்டிருக்கிறார்.

"அந்தச் சண்டைக் காலத்தில் பிரபுக்கள் தங்களுக்கு ஒரு நிழல் ஆளை வைத்திருந்தார்கள்" என்றார். "அதே கவசம், அதே குதிரை. எதிரி எந்த ஆளைக் குறிவைப்பது என்று திண்டாடுவான். ஒரு பிரபு சாகும்போது, தான் செத்ததை மூன்று வருஷத்துக்கு வெளியே சொல்லாதீர்கள் என்றே சொல்லிவிட்டுச் செத்தார். பக்கத்து நாட்டுத் தூதன் உண்மையா என்று பார்க்க வந்தபோது, அவருடைய தம்பியையே அவராக உட்கார வைத்துப் பேசவைத்தார்கள். தூதன் திரும்பிப் போய், 'உயிரோடுதான் இருக்கிறார்' என்று சொன்னான்."

நான் இதைத் தமிழில் சொன்னேன். வழக்கமாக எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் காசி அன்றைக்குத் தலையை நிமிர்த்தவில்லை. மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். சந்தானம், "சாப்பிட்டது போதும், எந்திரிங்கப்பா, யல்லா" என்று அதட்டினார்.

வெள்ளிக்கிழமை ஊருக்கே விடுமுறை. எங்களுக்கு ஓவர்டைம். மத்தியானத் தொழுகை முடிந்த நேரம், கண்காட்சிக் கூடத்தில் காசிக்கு நகல் கவசத்தை மாட்டினோம். முழங்கால் தகடு, இடுப்பு, மார்பு, தோள், கடைசியில் தலைக்கவசமும் முகமூடியும். முகமூடியை மிசுனோ கயிறு போட்டு மோவாயோடு கட்டினார். கட்டி முடித்ததும் அவன் பேச்சு நின்றுபோனது. தோளை அளக்க நாங்கள் மூன்று பேரும் அவனைச் சுற்றி நின்றோம். நரைமீசைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

அப்போது கருவிப் பைக்குள் ஒரு போன் அடித்தது. ஒரே ஒரு மணி, பிறகு அடங்கிவிட்டது. ஊரில் மிஸ்டு கால் கொடுத்தால் இங்கிருந்து திருப்பிக் கூப்பிட வேண்டும், அதுதான் எல்லா வீட்டு வழக்கம். சந்தானம் பையைத் திறந்தார். காசி எப்போதும் பேசுகிற போன் இல்லை, மஞ்சள் உறை போட்ட வேறொரு போன்.

"அப்புறம் பேசிக்கலாமேப்பா" என்றார் சந்தானம்.

"இல்லண்ணே. இன்னிக்கு விட்டா ஆத்தா தேடும்" என்றது முகமூடி.

சந்தானம் எண்ணை அழுத்தி, தலைக்கவசத்துக்கும் முகமூடிக்கும் இடையே போனைச் செருகிப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் ரம்பம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள். கூடத்தில் ஏசி சத்தம் மட்டும்.

"ஆத்தா. நாந்தேன், ராசு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது காசியின் குரலே இல்லை. கீச்சும் இல்லை, கடகடப்பும் இல்லை. கனமான, நிதானமான, மூக்கடைத்தது மாதிரியான ஒரு குரல். முகமூடி இரும்பில் பட்டு அப்படிக் கேட்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சற்று முன்பு பேசியதும் அதே முகமூடிக்குள்ளிருந்துதான் என்பது பிறகுதான் உறைத்தது.

பழைய போன், பேச்சு வெளியே நன்றாகக் கேட்டது. அந்தப் பக்கம் ஓர் இருமல். கரகரத்த பெண் குரல். "சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேன் ஆத்தா. முட்டிவலி எப்படி இருக்கு? எண்ண தேச்சியா?"

மறுபடி இருமல். "தேச்சேன், தேச்சேன். நீ ஒடம்பப் பாத்துக்க ராசு. எங்கயும் அலையாத."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் முகமூடியின் மோவாய்க்குக் கீழே ஒரு சொட்டு தொங்கி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மிசுனோ கைக்குட்டையால் ஏந்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மோவாயில் ஓட்டை இருக்கிறது, பார்த்தீர்களா? வியர்வை வடிய வைத்தது. உள்ளே தேங்கினால் கயிறு நனைந்து வழுக்கிவிடும்."

முகமூடியைக் கழற்றினோம். காசியின் நெற்றி காய்ந்துதான் இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. "என்ன டீச்சர், மீச நமக்கு எடுப்பா இருந்துச்சா?" என்று பழைய கீச்சுக்குரலில் கேட்டான்.

ராசு என்பது வீட்டுச் செல்லப்பெயர் போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். அம்மாவிடம் பேசும்போது யாருக்குத்தான் குரல் மாறாது? என் பையனும் ஹாஸ்டலிலிருந்து பேசும்போது பணம் வேண்டுமென்றால் ஒரு குரல், வேண்டாமென்றால் ஒரு குரல்.

ஞாயிற்றுக்கிழமை கரக் சாய் குடித்துக்கொண்டிருந்தோம். ஏலக்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சிய டீ, அந்த ஊரில் எனக்குப் பிடித்துப்போன ஒரே சமாச்சாரம். எல்லோரும் கலகலப்பாக இருந்த நேரம். நானும் சும்மா இருக்கமாட்டாமல் வம்பிழுத்தேன். "என்ன ராசு, ஆத்தாவுக்கு முட்டிவலி தேவலையாமா?"

குவளைகள் அப்படியே நின்றுவிட்டன. தச்சர்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். காசி என்னைப் பார்க்கவேயில்லை. சிரிக்க முயன்று, முடியாமல், ரம்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போனான்.

சந்தானம் என்னைப் புல்தரைப் பக்கம் அழைத்துப்போனார். குழாய்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன.

"டீச்சரம்மா, அந்தப் பேரச் சொல்லி அவனக் கூப்பிடாதீங்க. அது அவன் பேரு இல்ல."

பிறகு சொன்னார். முனியராஜ் என்று ஒருவன், வீட்டில் ராசு. காசிக்குப் பக்கத்து ஊர். கஃபீல் என்று சொல்கிற அரபி முதலாளியிடம் ஒட்டகம் மேய்க்க வந்தவன், அடி தாங்காமல் ஓடிவந்துவிட்டான். பாஸ்போர்ட் முதலாளியிடம். பேப்பர் இல்லாதவனை வைத்திருந்தால் வைத்திருந்தவர்களுக்கும் ஜெயில். ஆனாலும் இவர்கள் தங்கள் ரூமிலேயே ஒளித்து வைத்துக்கொண்டார்கள். கிடைத்த சின்ன வேலைகளைச் செய்து வந்தான். ஆடி மாத வெயிலில் ஒருநாள் வேலை முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவரும் காசியும்தான் டாக்சியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்களாம். ஆஸ்பத்திரியில், ரோட்டில் கிடந்தான், யாரென்று தெரியாது என்று சொல்லி விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

"இன்னும் அங்கதாம்மா இருக்கான். ஐஸ் பொட்டிக்குள்ள, பேரில்லாம. அங்க கூட்டிப் பெருக்குற நம்ம ஊருப் பையன் அப்பப்ப பாத்துச் சொல்லுவான். யாரும் கேட்டு வராத பொணத்தையெல்லாம் இந்த மாசக் கடைசிக்குள்ள இங்கயே பொதச்சிருவாங்களாம். வீட்டுலேர்ந்து ஒரு மனு வந்தாப் போதும், மகனக் காணோம்னு போட்டோ வச்சு எம்பசிக்கு எழுதினாப் போதும், ஊருக்கு அனுப்பிருவாங்க. எங்களயும் யாரும் தேட மாட்டாங்க. ஆனா அதுக்கு வீட்டுக்குத் தெரியணுமே."

"ஏன் சொல்லலை?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்தவகிட்ட இப்படி விளையாடலாமா?"

காசி எப்போது வந்து பின்னால் நின்றான் என்று தெரியவில்லை. "சொல்லத்தேன் எடுத்தேன் டீச்சர்" என்றான். "அவன் செத்த அடுத்த வெள்ளிக்கெழம அவன் போனு அடிச்சுச்சு. சொல்லிருவோமுன்னு எடுத்தேன். 'ராசு, சாப்பிட்டியாப்பா'ன்னு கேட்டுச்சு. 'சாப்பிட்டேன் ஆத்தா'ன்னு வாயில வந்திருச்சு. நான் பேசல. அதுவா வந்துச்சு. ஒரே ரூம்புல பக்கத்துப் பக்கத்துக் கட்டுல்ல கெடந்தோம். அவன் பேசுறதத்தான தெனம் கேட்டுக்கிட்டே கெடந்தேன். அந்தக் கெழவிக்கு எந்தக் கால்ல முட்டிவலின்னுகூட எனக்குத் தெரியும்."

தங்களால் முடிந்த பணத்தையும் ராசு பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பது, இருமல் சத்தம் கேட்டதும் குரல் மாறிவிடுவது.

"இப்பெல்லாம் அந்தப் போனு அடிக்கலன்னா எனக்கே திக்குன்னு இருக்கு. நீங்க சொல்லுங்க டீச்சர். பொம்பள சொன்னா ஆத்தா தாங்கும். வர்ற வெள்ளிக்கெழம சொல்லிருங்க. அவன் அநாதையாப் போயிரக் கூடாது."

முடியாது என்று சொல்லவே நினைத்தேன். ஒரு பெட்டிக்குள் பேரில்லாமல் கிடக்கிற பிள்ளையை நினைத்தேன். சரி என்றேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையை எண்ணிக்கொண்டே போனது. சட்டங்கள் தயாராகி, கவசங்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. தலைக்கவசம், அதற்குக் கீழே முகமூடி, நடுவில் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. கூடத்தின் எந்த மூலையிலிருந்து திரும்பினாலும் ஏதோ ஒன்று என்னைப் பார்த்து நின்றது. மிசுனோவிடம், அந்த மூன்று வருஷக் கதை எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"மூன்று வருஷம் கழித்து மரணத்தை அறிவித்துச் சடங்கு செய்தார்கள். சுற்றியிருந்த பிரபுக்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கலாம்" என்றார்.

"அவராக உட்கார்ந்து பேசியவர்? அதற்குப் பிறகு அவர் எந்தக் குரலில் பேசினார்?"

மிசுனோ கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அதை யாரும் எழுதிவைக்கவில்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலிருந்து பனி விலகவில்லை, மத்தியானத்தில்கூட ஜன்னலுக்கு வெளியே வடக்குப் பக்கம் அந்த ஆரஞ்சு நிறம். மஞ்சள் போன் ஒருமுறை அடித்து அடங்கியது. காசி எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டு, அசல் கவசத்தின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

இத்தனை வருஷம் அடுத்தவர்கள் பேசியதைத்தான் நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். வார்த்தை தப்பென்றாலும் பழி பேசியவர்களுக்கு. அன்றைக்கு அந்த வசதி இல்லை.

இருமல் கேட்டது. "ராசு?"

"ராசு அம்மாதானே? நான் கத்தார்லேர்ந்து பேசறேம்மா. ராசுவுக்குத் தெரிஞ்சவங்க. கொஞ்சம் உக்காந்துக்கறீங்களா?"

"உக்காந்துதேன் இருக்கேன் தாயி. அவன் எங்க?"

"உங்க பிள்ளை இப்ப இல்லம்மா. ஆடி மாசமே போயிட்டான். தூக்கத்துலேயே, நோகாம. நாங்க உங்ககிட்ட மறைச்சிட்டோம். எங்களை மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் எங்கேயோ ஓர் ஆடு கத்தியது. அழுகை வரும், அலறல் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறொரு குரல். இருமல் இல்லை, கரகரப்பு இல்லை. என் டியூஷன் பிள்ளைகள் வயதில் ஒரு பெண் குரல்.

"அண்ணன் செத்துப்போச்சா?"

"யாரும்மா நீ?"

"பூமயிலு. தங்கச்சி."

"அம்மாகிட்ட குடும்மா போனை. இப்ப பேசிட்டிருந்தாங்களே."

"ஆத்தா இல்லீங்க. பங்குனியிலயே செத்துப்போச்சு. அண்ணன் ஒளிஞ்சு திரியுது, வரவும் முடியாது, தெரிஞ்சா எதையாச்சும் பண்ணிக்கிருமுன்னு பெரியப்பா சொல்லவேணாமுன்னாரு. என்னைக்காச்சும் ஊருக்கு வந்து தெரிஞ்சுக்கிறட்டுமுன்னாரு. நாந்தேன் ஆத்தா மாதிரி பேசுவேன். இருமிக்கிட்டே பேசுனா அண்ணனுக்குத் தெரியாது."

பங்குனியிலிருந்து ஆடி வரை ராசு, தாய் என்று நினைத்துத் தங்கையோடு பேசிவிட்டு, அம்மா உயிரோடு இருக்கிறாள் என்ற நினைப்பிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறான். ஆடியிலிருந்து இன்றுவரை, செத்துப்போன இரண்டு பேர் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது. பேயைக் கண்டால் வரும் பயம் இல்லை அது. இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் எனக்குத் தெரியாது.

அவள் கேட்டாள். "அப்ப இத்தன நாளா எங்கிட்ட பேசுனது யாரு?"

போனில் எல்லாம் வெளியே கேட்டுவிட்டது. காசி எழுந்து நின்றிருந்தான். பின்னால் அந்த நரைமீசை முகமூடி. நான் போனை நீட்டினேன். அவன் வாங்கிக் காதில் வைத்து வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். எந்தக் குரலும் வரவில்லை. கடைசியில் சந்தானம்தான் வாங்கி, மனு எழுத வேண்டியதை, போட்டோ வைக்க வேண்டியதை, பெரியப்பாவை யாரிடம் போகச் சொல்ல வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றது. அழுததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னமும் தாங்கவில்லை.

மறுநாள் கண்காட்சி திறந்தது. கூட்டம் நெரிந்தது. சமோசாவும் சூஷியும் ஒரே மேஜையில் இருந்ததை நான் அங்கேதான் பார்த்தேன். நகல் கவசத்தைப் போட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. அதில் முகமூடி மட்டும் இல்லை. நடந்ததையெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே மிசுனோவிடம் சொல்லியிருந்தேன். அவர் அந்த முகமூடியைத் துடைத்து, துணி சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டார். எங்கே என்று கேட்டவர்களிடம், பழுது என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

திரும்பும்போது தவம்தான் விமான நிலையத்தில் விட்டார். வழியில் ஒட்டகம் எதுவும் வரவில்லை. காசி என் வீட்டு எண்ணை வாங்கி வைத்திருந்தான். மாதக் கடைசிக்கு முன்பே மனு வந்து, பெட்டிக்குள் கிடந்தவனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று ஒருநாள் பேசினான். உடம்பு ஊர் போய்ச் சேர்ந்து, ஆத்தாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு நாள். எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. மஞ்சள் போனை என்ன செய்தாய் என்று கேட்டேன். இருக்கிறது என்றான்.

பொங்கல் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, டியூஷன் நேரத்தில் கூப்பிட்டான்.

"டீச்சர், இன்னிக்கு அந்தப் போனு அடிச்சுச்சு. மிஸ்டு காலு."

"யாரு, பூமயிலா?"

"ஆமா. திருப்பிக் கூப்பிட்டேன். எடுத்துச்சு. அது ஒண்ணும் பேசல. நானும் காசின்னு சொல்லலாமுன்னு பாத்தேன், சொல்லி அதுக்கு மேல என்னத்தப் பேச? எனக்கு அந்தப் புள்ளயத் தெரியாது. அதுக்கு என்னயத் தெரியாது. ரெண்டு பேரும் சும்மா போனப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம் டீச்சர்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பக்கம் இருமல் கேட்டுச்சு."

பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். அவனே சொன்னான்.

"சாப்பிட்டியாப்பான்னு கேட்டுச்சு. சாப்பிட்டேன் ஆத்தான்னு சொன்னேன்."